ஏழு கட்டைகள், ஒரு பிரவுசர்

பிரவுசரைத் திறந்து ‘டெட்ரிஸ்’ என்று தட்டினால் போதும், அரை நிமிடத்துக்குள் முதல் கட்டை விழத் தொடங்கிவிடும். கார்ட்ரிட்ஜை வாயால் ஊதிச் செருக வேண்டாம். சீரியல் நேரத்தில் டி.வி.க்காக வீட்டில் யாரிடமும் கெஞ்சவும் வேண்டாம். பத்துச் சதுர அகலம், இருபது சதுர உயரத்தில் ஒரு கிணறு. நான்கு சதுரங்களை ஒட்டவைத்து எத்தனை வடிவங்கள் செய்யலாமோ அத்தனையும் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும். இடம் வலமாக மாறிய ஜோடிகளைத் தனித்தனியாக எண்ணினால் ஏழு. திருப்பலாம், நகர்த்தலாம், விழுவதை நிறுத்த முடியாது. ஒரு வரிசை ஓட்டையில்லாமல் நிறைந்தால் மறைந்துவிடும். நிறையாமல் குவிந்து கூரையைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

தேடலில் வந்து நிற்கும் பக்கங்கள் எல்லாம் ஒரே ஆட்டம் இல்லை. ஒன்று, டெட்ரிஸ் கம்பெனியே நடத்தும் அதிகாரபூர்வப் பதிப்பு. அடுத்து ஜெஸ்ட்ரிஸ், டெட்ரியோ போல ரசிகர்கள் புதிதாக எழுதியவை. இன்னும் சில, 1989-ல் நிண்டெண்டோ வெளியிட்ட கார்ட்ரிட்ஜின் நகலை அப்படியே ஏற்றி, பிரவுசருக்குள் ஒரு பழைய கன்சோலைப் பாவனையாக உருவாக்கி ஓட்டுபவை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கைக்கு அப்படி இல்லை. கன்சோலில் ஆடி ஊறியவர்கள் பிரவுசரில் இரண்டு நிமிடம் ஆடிவிட்டு, ‘இது அது இல்லை’ என்று மூடிவிடுவது அதனால்தான். அவர்கள் சொல்வது சரி. ஆனால், அவர்கள் எதை அசல் என்று நினைக்கிறார்களோ அதுவும் அசல் இல்லை. டெட்ரிஸ் பிறந்தது கன்சோலில் அல்ல. அலுவலகத்துக் கம்ப்யூட்டரில், அலுவலக நேரத்தில்.

1984-ல் அலெக்ஸி பஜித்னோவ் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் அகாதெமியின் கணினி மையத்தில் ஆராய்ச்சியாளர். செயற்கை நுண்ணறிவு, மனிதக் குரலை இயந்திரத்துக்குப் புரியவைப்பது ஆகியவை அவருக்குச் சம்பளம் கொடுத்த வேலைகள். பைத்தியம் மட்டும் புதிர்கள் மேல். ஐந்து சதுரங்களாலான பன்னிரண்டு துண்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கும் பெண்டோமினோவைக் கம்ப்யூட்டரில் செய்து பார்க்க நினைத்தார். ஐந்து அதிகம் என்று பட்டதும் நான்காகக் குறைத்தார். பிறகு, தானாகவே விழட்டும் என்று விட்டார். அந்தக் கடைசி முடிவில்தான் புதிர் ஆட்டமாக மாறியது. பெட்டியில் அடுக்கும்போது நாள் முழுக்க யோசிக்கலாம். விழும் கட்டை யாருக்கும் காத்திருக்காது.

அவர் கையிலிருந்த எலெக்ட்ரோனிகா 60 இயந்திரத்துக்குப் படம் வரையத் தெரியாது. எழுத்துகள் மட்டும்தான். ஆகவே சதுர அடைப்புக்குறிகளைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டைகளைச் செய்தார். வண்ணம், ஒலி எதுவும் கிடையாது. வதிம் கெராசிமோவ் என்ற பதினாறு வயதுப் பள்ளி மாணவனும், திமித்ரி பாவ்லோவ்ஸ்கி என்ற சக பணியாளரும் சேர்ந்து ஐபிஎம் பிசிக்கு அதை மாற்றினார்கள். வண்ணம் வந்தது அப்போதுதான். விற்பனை என்ற பேச்சே இல்லை. ஃபிளாப்பியில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது, அவ்வளவுதான். மாஸ்கோ அலுவலகங்களில் வேலை கெட்டது. எல்லை தாண்டி ஹங்கேரிக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே அதைக் கண்டவர் லண்டனிலிருந்து மென்பொருள் வியாபாரம் செய்த ராபர்ட் ஸ்டைன். உரிமை கேட்டு மாஸ்கோவுக்கு டெலெக்ஸ் அனுப்பினார். முறையான ஒப்பந்தம் கைக்கு வரும் முன்பே உரிமையை பிரிட்டனில் ராபர்ட் மேக்ஸ்வெல் குழுமத்தின் மிரர்சாஃப்டுக்கும், அதன் அமெரிக்கத் தோழமை நிறுவனத்துக்கும் விற்றார். அவர்கள் அட்டாரி கேம்ஸுக்கு விற்றார்கள். அந்த நிறுவனம் ஜப்பானுக்கான உரிமையை, அங்கே ஆட்டங்களை வெளியிட்டுவந்த ஹெங்க் ரோஜர்ஸுக்கு விற்றது. சொந்தக்காரர் யாரென்று தெரியாத நிலத்துக்குக் கைமேல் கையாகப் பத்திரம் எழுதிக்கொண்டே போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் சோவியத் அரசு. அதன் சார்பில் மென்பொருள் ஏற்றுமதியைக் கவனித்தது எலோர்க் என்ற நிறுவனம்.

1989 பிப்ரவரியில் மூன்று தரப்பும் ஒரே சமயத்தில் மாஸ்கோவுக்கு வந்து சேர்ந்தன: ஸ்டைன், மேக்ஸ்வெல்லின் மகன் கெவின், சுற்றுலா விசாவில் அழைப்பில்லாமலே வந்திறங்கிய ரோஜர்ஸ். எலோர்க்கின் நிக்கொலாய் பெலிகோவ் மூவரையும் தனித்தனியாகச் சந்தித்தார். ரோஜர்ஸ், நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்காக ஜப்பானில் தான் விற்றுக்கொண்டிருந்த கார்ட்ரிட்ஜைப் பெருமையோடு எடுத்துக் காட்ட, பெலிகோவ் திகைத்துப் போனார். கன்சோல் உரிமையை நாங்கள் யாருக்கும் விற்கவே இல்லையே!

அதன் பிறகு பெலிகோவ் செய்த காரியம், இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஸ்டைனிடம் ஒரு திருத்த ஒப்பந்தத்தை நீட்டினார். பணம் தாமதமானால் எவ்வளவு அபராதம் என்ற பகுதியிலேயே ஸ்டைனின் கவனமெல்லாம் நின்றுவிட்டது. அதே தாளில் இன்னொரு வரி இருந்தது. கம்ப்யூட்டர் என்றால் செயலி, திரை, டிஸ்க் டிரைவ், கீபோர்டு, இயக்க மென்பொருள் ஆகியவை கொண்ட பெர்சனல் கம்ப்யூட்டர் என்று அந்த வரி வரையறுத்தது. ஸ்டைன் கையெழுத்திட்டார். கீபோர்டும் டிஸ்க் டிரைவும் இல்லாத நிண்டெண்டோ பெட்டி அந்த வரையறைக்கு வெளியே போய் நின்றது. கையடக்கக் கருவி உரிமை ரோஜர்ஸுக்கு. கன்சோல் உரிமை, மார்ச் மாதம் மாஸ்கோவுக்குப் பறந்து வந்த நிண்டெண்டோவுக்கு. அட்டாரி கேம்ஸ் தன் டெங்கன் பெயரில் மே மாதம் கடைக்குக் கொண்டுவந்த கார்ட்ரிட்ஜுகளை, ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் விற்கக் கூடாது என்றது. லட்சக்கணக்கில் கிடங்குக்குப் போயின. டெங்கன் பதிப்பில் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். நிண்டெண்டோ பதிப்பில் அந்த வசதி கிடையாது. வழக்கில் ஜெயித்தது நல்ல பதிப்பு இல்லை என்று இன்றும் பொருமுகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

நிண்டெண்டோவின் கையடக்கக் கேம் பாய் கருவியோடு இலவச இணைப்பாகப் போன டெட்ரிஸ்தான் உலகத்தைப் பிடித்தது. சுமார் மூன்றரைக் கோடிப் பிரதிகள். நம் ஊருக்கு அது அந்தப் பெயரிலேயே வரவில்லை. சென்னை பர்மா பஜாரிலும் பொருட்காட்சிகளிலும் தொண்ணூறுகளில் குவிந்து கிடந்த ‘பிரிக் கேம்’ வழியாகத்தான் வந்தது. பெட்டியில் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். திறந்து பார்த்தால் முக்கால்வாசி இதே ஆட்டம். யாரிடமும் உரிமை வாங்கியிருக்க மாட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கன்சோல் இந்த ஆட்டத்துக்கு என்ன செய்தது? காலத்தைக் கறாராக்கியது. நிண்டெண்டோவின் என்இஎஸ் கன்சோல் திரையை நொடிக்கு 60.0988 தடவை வரைகிறது. ஒவ்வொரு தடவைக்கும் ஃபிரேம் என்று பெயர். ஆட்டத்தில் நடப்பது எல்லாமே இந்த ஃபிரேம் கணக்குதான். ஆரம்ப லெவலில் கட்டை ஒரு வரிசை இறங்க 48 ஃபிரேம். ஒன்பதாவது லெவலில் 6. பத்தொன்பதில் 2. இருபத்தொன்பதில் 1, அதாவது, உச்சியிலிருந்து அடிவரை வர நொடியில் மூன்றில் ஒரு பங்கு. பக்கவாட்டு பட்டனை அழுத்திப் பிடித்தால் கட்டை ஒரு கட்டம் நகரும், பிறகு 16 ஃபிரேம் சும்மா நிற்கும், அதன்பின் 6 ஃபிரேமுக்கு ஒரு கட்டமாக ஓடும். இருபத்தொன்பதாவது லெவலில் அந்த 16 ஃபிரேம் காத்திருப்பு முடிவதற்குள் கட்டை கிட்டத்தட்டத் தரையில். ஓரத்துக்குக் கொண்டுபோகவே முடியாது. அதனால்தான் அந்த லெவலை ஆட்டத்தின் சாவு என்று இருபது வருடம் நம்பினார்கள்.

மனிதர்கள் அதற்கும் வழி கண்டார்கள். பிடித்துவைக்காமல், பட்டனை நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அதிரத் தட்டும் முறை பரவியது. 2018 உலகச் சாம்பியன் போட்டியில் பதினாறு வயது ஜோசப் செய்லி, ஏழு முறை சாம்பியனான ஜோனாஸ் நியூபாவரை அந்த முறையால் வென்றார். அடுத்து வந்தது உருட்டும் முறை. பட்டன் மேல் கட்டைவிரலைச் சும்மா வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரின் முதுகில் மற்ற விரல்களால் வரிசையாகத் தாளம் போடுவது. தட்டு ஒவ்வொன்றும் பட்டனைக் கட்டைவிரலுக்கு எதிராக அழுத்தும். நொடிக்கு இருபது தடவைக்கும் மேல் போகலாம். அதோடு இருபத்தொன்பதாவது லெவல் என்ற சுவர் இடிந்தது.

2023 டிசம்பர் 21 அன்று, ப்ளூ ஸ்கூட்டி என்ற பெயரில் ஆடும் பதின்மூன்று வயது அமெரிக்கச் சிறுவன் வில்லிஸ் கிப்சன் 157-வது லெவலில் ஒரு வரிசையை உடைத்தபோது திரை உறைந்து நின்றது. ஆட்டத்தையே நிலைகுலையச் செய்த முதல் மனிதன். காரணம் வேடிக்கையானது. உடைத்த வரிசைகளுக்கான மதிப்பெண்ணை லெவல் எண்ணோடு ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும். நிரல் எழுதியவர்கள் பெருக்காமல், அத்தனை தடவை திரும்பத் திரும்பக் கூட்டும்படி விட்டிருந்தார்கள். லெவல் ஏற ஏறக் கூட்டல் நீண்டு, ஒரு கட்டத்தில் ஒரு ஃபிரேமுக்குள் முடியாமல் போகும். அடுத்த ஃபிரேமுக்கான அழைப்பு பாதிக் கணக்கில் குறுக்கிட, நிரல் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும். அங்கே வந்து நிற்பார் யாராவது என்று 1989-ல் எவர்தான் நினைத்திருப்பார்?

இப்போது பிரவுசருக்கு வருவோம். அந்தக் கார்ட்ரிட்ஜில் இருப்பது மொத்தம் 48 கிலோபைட். கன்சோலின் செயலி நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் துடிப்பு. வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட். எமுலேட்டர் என்ற மென்பொருள் இந்தச் செயலியையும் படம் வரையும் சிப்பையும் ஒலிச் சிப்பையும் கட்டளை கட்டளையாக நடித்துக் காட்டுகிறது. ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 29,780 துடிப்பு நடிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டிலேயே இதைச் செய்யலாம் என்று ஜேஎஸ்என்இஎஸ் போன்றவை காட்டியபோது பிரவுசர்கள் மூச்சு வாங்கின. 2017 வாக்கில் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வெப்அசெம்ப்ளி என்ற வேகமான நிரல் வடிவம் வந்த பிறகு அது ஒரு சுமையே இல்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2013 கடைசியில் பழைய கன்சோல் ஆட்டங்களைப் பிரவுசரிலேயே ஆடும்படி அடுக்கி வைத்தது. இதற்கு நேர்மாறான கதையும் நடந்தது. 2020-ன் கடைசி நாளோடு அடோபி ஃபிளாஷை நிறுத்தியதும், இணையத்துக்கென்றே எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான புதிர் ஆட்டங்கள் திறக்காத கதவுகளாயின. பழைய கன்சோல் ஆட்டம் பிழைத்தது, அதைவிட இளைய பிரவுசர் ஆட்டம் செத்தது. அசலான ஓர் இயந்திரம் இருந்ததால்தான் அதை நடித்துக் காட்ட முடிந்தது.

ஆனால் நடிப்பில் காலம் மட்டும் நழுவுகிறது. கன்சோலில் பட்டனை அழுத்தினால், அந்த ஃபிரேமிலேயே செயலி நேரடியாகப் படித்துக்கொள்ளும்; படக்குழாய் டி.வி. அதைக் கோடு கோடாக வரைந்துவிடும். பிரவுசரில் அழுத்தம் கீபோர்டிலிருந்து யுஎஸ்பிக்கு, அங்கிருந்து விண்டோஸுக்கு, பிறகு பிரவுசரின் வரிசையில் காத்திருந்து எமுலேட்டருக்கு, படமாகிக் கிராஃபிக்ஸ் கார்டுக்கு, கடைசியில் எல்சிடி திரைக்கு. ஒவ்வொரு வாசலிலும் சில மில்லி நொடி. வீடியோ காலில் ஒருவர் பாட, வேறு ஊரில் இருப்பவர் அதைக் கேட்டு மிருதங்கம் வாசித்தால் எப்படியிருக்கும்? விளம்பத்தில் சமாளிக்கலாம், துரிதத்தில் முடியாது. மூன்று ஃபிரேம் தாமதம் என்று வைத்துக்கொண்டால், ஆரம்ப லெவலில் யாருக்கும் தெரியாது. பத்தொன்பதில், நீங்கள் பார்க்கும் கட்டை உண்மையில் ஒன்றரை வரிசை கீழே இருக்கிறது. இருபத்தொன்பதில் மூன்று வரிசை.

திரை நொடிக்குச் சரியாக 60 தடவை வரைய, பழைய கன்சோல் 60.0988 தடவை வரைந்தது என்பது இன்னொரு பிசகு. பத்து நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு நொடி வித்தியாசம். அதை எமுலேட்டர் எங்காவது விழுங்கியாக வேண்டும். கவனமில்லாமல் எழுதிய பக்கங்கள், திரை புதுப்பிக்கும்போதெல்லாம் ஆட்டத்தை ஓர் அடி நகர்த்திவிடுகின்றன. 144 தடவை புதுப்பிக்கும் கேமிங் மானிட்டரில் அவற்றைத் திறந்தால், கட்டைகள் 2.4 மடங்கு வேகத்தில் கொட்டும்.

புதிதாக எழுதப்பட்ட பிரவுசர் டெட்ரிஸ்கள் இந்தச் சண்டையிலிருந்தே விலகிக்கொண்டன. அவை கீபோர்டுக்காகப் பிறந்தவை. பிடித்துவைத்தால் எத்தனை மில்லி நொடியில் ஓடத் தொடங்க வேண்டும் என்பதை டெட்ரியோவில் நீங்களே வைத்துக்கொள்ளலாம். கட்டை எங்கே விழும் என்பதை நிழல் காட்டும். ஒன்றைப் பிறகு ஆடலாம் என்று ஒதுக்கியும் வைக்கலாம். ஏழு கட்டைகளையும் பைக்குள் போட்டுக் குலுக்கி, பை காலியான பின்புதான் மறுபடி நிரப்புகிறார்கள். ஆகவே நீளக் கட்டை வர அதிகபட்சம் மற்ற பன்னிரண்டு கட்டைகள் தாண்டினால் போதும். பழைய நிண்டெண்டோவில் அப்படியொரு உத்தரவாதமே கிடையாது. வந்த கட்டையே மறுபடி வந்தால் ஒருமுறை மட்டும் மீண்டும் குலுக்கிப் பார்க்கும், அவ்வளவுதான். உண்மையான குலுக்கலில் எவ்வளவு கெட்டிக்காரரும் ஒருநாள் தோற்றே ஆக வேண்டும் என்பதை கணிதமே நிரூபித்திருக்கிறது. இடமும் வலமுமாக வளைந்த இரண்டு ‘இசட்’ கட்டைகள் மாறி மாறியே வந்தால், எழுபதாயிரம் கட்டைகளுக்குள் கிணறு நிரம்பிவிடும் என்று 1997-ல் ஹைடி பர்கியல் காட்டினார். பை முறையில் அந்த வரிசை வரவே வராது. பயத்தை எடுத்துவிட்டு வேகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இளைஞர்களுக்கு அதுதான் பிடிக்கிறது; எனக்கு அந்தப் பயம் வேண்டும்.

ரசிகர்கள் எழுதும் பதிப்புகள் ஏன் கட்டையின் தோற்றத்தையும் பெயரையும் மாற்றி மாற்றி வைக்கின்றன என்பதற்கு 2012-ம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று காரணம். ஐபோனுக்கு ‘மினோ’ என்ற பெயரில் வந்த ஆட்டத்தின் மேல் டெட்ரிஸ் தரப்பு வழக்குப் போட்டது. விதிகளுக்குக் காப்புரிமை இல்லை, அதைத்தானே எடுத்தோம் என்றது எதிர்த்தரப்பு. நியூ ஜெர்சி நீதிமன்றம், விதி யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அது தோன்றும் விதம் சொந்தம் என்றது. அந்தத் தோற்றத்தில் கிணற்றின் பத்துக்கு இருபது அளவையும் சேர்த்தது. எமுலேட்டர் பக்கம் சட்டம் வேறு மாதிரி. இயந்திரத்தை நடித்துக் காட்டும் மென்பொருள் தவறில்லை என்பதற்கு, சோனி தொடுத்த வழக்கில் 2000-ல் வந்த அமெரிக்க மேல்முறையீட்டுத் தீர்ப்பு துணை நிற்கிறது. அதில் ஏற்றும் கார்ட்ரிட்ஜ் நகல்தான் சிக்கல். அப்படி நகல்களை வழங்கிய ஒரு தளத்துக்கு எதிராக நிண்டெண்டோ 2021-ல் 21 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கியது. ஆக, பிரவுசரில் ஆட ஆசைப்படுகிறவருக்கு அதிகாரபூர்வப் பக்கம்தான் தலைவலி இல்லாத வழி.

பெலிகோவின் வரையறையை இப்போது திரும்பப் படித்தால் சிரிப்பு வருகிறது. செயலி, திரை, கீபோர்டு, இயக்க மென்பொருள்: அலுவலக லேப்டாப் அவர் சொன்ன கம்ப்யூட்டர்தான். அதற்குள், அவர் கம்ப்யூட்டர் இல்லை என்று ஒதுக்கிய கன்சோல் உட்கார்ந்திருக்கிறது. பஜித்னோவின் ஆட்டம் வேலை நேரத்தில், கீபோர்டில், வேறு எதற்கோ வாங்கிய இயந்திரத்தில் ஆடப்பட்டது. எக்ஸெல் ஷீட்டுக்குப் பக்கத்து டேப்பில் ரகசியமாக ஆடுகிறவர், டி.வி. முன்னால் கன்ட்ரோலரோடு சம்மணம் போட்டவரைவிட அசலுக்கு நெருக்கமானவர் என்பது என் கட்சி. கன்சோல் நடுவில் வந்த ஒரு வாத்தியார். ஃபிரேம் ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஒழுக்கம் வேண்டுமென்றால் பழைய பெட்டியும் படக்குழாய் டி.வி.யும்தான் வேண்டும். உலகச் சாம்பியன் போட்டியில் அவற்றைத்தான் இன்றும் வைக்கிறார்கள். அவர்களும் சுத்த அசலில் ஆடவில்லை: ஆட்டங்கள் முடிவில்லாமல் நீண்டதால், 2023 முதல் 39-வது லெவலில் வேகத்தை இரட்டிப்பாக்கும்படி திருத்திய பதிப்பை வைத்துக்கொண்டார்கள்.

இந்த ஆட்டம் மூளைக்குள் போகும் ஆழத்துக்கு இயந்திரம் முக்கியமில்லை. ராபர்ட் ஸ்டிக்கோல்ட் என்ற ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர், 2000-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வுக்காக 27 பேரை டெட்ரிஸ் ஆடவைத்தார். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் கட்டைகள் விழுவதைப் பார்த்ததாக 17 பேர் சொன்னார்கள். அவர்களில் சிலர், புதிய நினைவே தங்காத மறதி நோயாளிகள். ஆட்டம் ஆடினோம் என்பதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை. கட்டைகள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தன.

இன்றிரவு முயன்று பார்க்கிறவர்களுக்குச் சில சொற்கள். ஒயர் உள்ள கீபோர்டு நல்லது. புளூடூத் இன்னும் கொஞ்சம் தாமதத்தைச் சேர்க்கும். மற்ற டேப்களை மூடுங்கள், முழுத்திரையில் ஆடுங்கள். லேப்டாப்பை சார்ஜரில் போடுங்கள், பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று அது வேகத்தைக் குறைக்கும். ஒரு ஓரத்தில் ஒற்றை நெடுவரிசையைக் காலியாக விட்டு மற்ற ஒன்பதையும் சமமாக ஏற்றிக்கொண்டே போனால், நீளக் கட்டை வரும்போது நான்கு வரிசை ஒன்றாக உடையும். நிண்டெண்டோ கணக்கில் ஒரு வரிசைக்கு 40, நான்குக்கு 1200. அது வரவில்லையென்றால் ரொம்ப நேரம் காத்திருக்காதீர்கள், பாதி உயரம் தாண்டியதும் கிடைத்ததைப் போட்டு இரண்டு மூன்று வரிசையை உடைத்துவிடுங்கள். ஓட்டையை மறைக்கும் கட்டையை முதலில் அகற்றுங்கள், அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இருபத்தொன்பதாவது லெவல் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். பெரும்பாலோருக்கு ஒன்பதாவதே தாராளம்.